மாமா கூப்பிட்டால் வருவார்கள்

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

ஆறு வருஷத்துக்கு முன்னால் போனில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "உன் பொண்ண என்னை நம்பி அனுப்ப மாட்டியா அக்கா?" நான் பதில் சொல்லவில்லை. மறுநாளே அவளுடைய துணிமணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். அதுதான் என் பதில்.

முந்தாநாள் அவள் திரும்பி வந்தாள். கையில் பெட்டி இல்லை, ஒரு பிளாஸ்டிக் பை. உடம்பில் உங்கள் சலவை ஆலையின் நீலச் சட்டை. பேப்பர் இல்லையென்று அதிகாரிகள் பிடித்த அன்று போட்டிருந்த சட்டையோடு பதினெட்டு நாள் அடைத்துவைத்து, அதே சட்டையோடு விமானத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த நாட்டு ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆறு வருஷம் துணி துவைத்தவளுக்கு மாற்றுச் சட்டை ஒன்று கொடுக்க ஆளில்லை.

அவள் குழந்தை மிளகு உன் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்பதால்தான் எனக்கு மூச்சு ஓடுகிறது. குழந்தையின் அப்பனைக் கேட்க வேண்டியதில்லை; அவள் பிறப்பதற்கு முன்பே வேறு ஊருக்கு லாரி ஏறியவன் அவன். குழந்தையை இங்கே அனுப்ப ஒரு படிவம் வேண்டுமாம். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அங்கே பொறுப்பில் இருப்பவன் நீ. நீயும் போட வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஏன் போன் செய்யாமல் எழுதுகிறாய் என்பாய். போனில் நான் கத்துவேன், நீ அழுவாய். ஒழுங்காகக் கோபப்படுவதற்கு எழுத்துதான் சரி. இப்போதைக்கு என் கோபமெல்லாம் அந்த அதிகாரிகள் மேல்தான்.

ஒன்று கேட்க வேண்டும். இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால்தான் எழுந்திருக்கிறாள். "அன்னிக்கு என்னடி நடந்தது?" என்றால், "மாமாவையே கேளும்மா" என்கிறாள். கேட்கிறேன். என்ன நடந்தது?

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

•

மார்ச் 19

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிளகு சுகம். ஐந்து வயசுக்கு என்ன பேச்சு! நேற்று என் மனைவியிடம், "நீங்க தாத்தாவைத் திட்டுறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுத் திட்டுங்க" என்றாள். சிரித்து மாளவில்லை.

அன்று நடந்ததைக் கேட்டிருந்தாய். எங்கள் ஆலை வழக்கம் உனக்குத் தெரியாது. சோதனை வந்தால் இந்த நாட்டில் தங்கப் பேப்பர் இல்லாதவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி அழுக்குத் துணி அறைக்குள் போய்விடுவார்கள். ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகள் கழுத்தளவு குவிந்து கிடக்கும். அதற்குள் படுத்துக்கொள்வார்கள். அதிகாரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். இப்படி மூன்று தடவை தப்பினோம். இந்தத் தடவை தப்ப முடியவில்லை. நம் கையில் என்ன இருக்கிறது?

படிவத்தைப் பார்த்தேன். அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. மிளகு இங்கே பிறந்தவள். அவளை இந்த நாட்டிலிருந்து யாரும் துரத்த முடியாது. பள்ளிக்கூடம் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. எங்களுக்கும் பிள்ளை இல்லை. அவளை நாங்கள் வளர்த்தால் என்ன தப்பு அக்கா? நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

•

ஏப்ரல் 2

தம்பிக்கு,

முப்பத்தொரு வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். பதில் தெரியாத பிள்ளை வாய்க்கு வந்ததை எழுதிப் பக்கத்தை நிரப்பும். பதில் தெரிந்தும் எழுதப் பயப்படுகிற பிள்ளை, அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். நீ தாவியிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பஸ் மாறி மாறி என் வீட்டுக்கு வந்தாள். உங்கள் ஆலையில் இஸ்திரி உருளைக்கு விரிப்புக் கொடுக்கிறவள். விரிப்பின் இரண்டு முனை அவள் கையில், மற்ற இரண்டு முனை என் மகள் கையில். ஆறு வருஷம் எதிரெதிரே நின்றவர்கள். அவளையும் அதே விமானத்தில்தான் அனுப்பினார்கள். என் மகள் தோளைத் தொட்டாள். பிறகு அவள்தான் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நாங்க பதினோரு பேரு உள்ள கெடந்தோம் டீச்சர். அவங்க மைக்குல கத்துனாங்க. தமிழ் தெரிஞ்ச ஒருத்தன கூட்டிட்டு வந்து கத்த விட்டாங்க. ஒருத்தரும் அசையல. மாமா குரல் கேட்டாத்தான் வெளிய வரணும்னு எங்களுக்குள்ள பேச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மாமா குரல் கேட்டுது. 'வாங்கப்பா, போயிட்டாங்க'ன்னாரு. உங்க பொண்ணுதான் மொதல்ல எந்திரிச்சா. 'அடுத்த தடவை ஒரு தலகாணி போட்டு வைங்க மாமா, கழுத்து வலிக்குது'ன்னு சிரிச்சுக்கிட்டே கதவத் தொறந்தா. கதவுக்கு ரெண்டு பக்கமும் நின்னுட்டிருந்தாங்க."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கும். ஏன் நிற்கின்றன? கூப்பிடுகிறவள் தனக்குக் கெடுதல் செய்ய மாட்டாள் என்று ஒவ்வொன்றும் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குச் சம்பளம் வாங்கியவள் நான். அதன் எடை எனக்குத் தெரியும்.

நேற்று மகள் மிளகோடு போனில் பேசினாள். "வேலை எப்ப முடியும்மா? தாத்தா சொன்னாங்க, நெறைய துணி வந்துடுச்சாமே?" என்று கேட்டிருக்கிறது குழந்தை. போனை வைத்த பிறகு மகள் சோறு சாப்பிடவில்லை.

அடுத்த கேள்விக்குத் தாவாமல் இதற்குப் பதில் எழுது. கூப்பிட்டது நீயா?

அக்கா

•

ஏப்ரல் 15

அக்கா,

நான்தான்.

முதலாளி என் காதோடு சொன்னார்: "நீ கூப்பிட்டா வருவாங்க. இல்லேன்னா நாயை உள்ள விடுவாங்க." நாய் வெளியே குரைத்துக்கொண்டிருந்தது. "குழந்தை இருக்கிறவங்களை எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்று அதிகாரி சொன்னான். அவளை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். இன்னொருவன் என் பேப்பர்களை வாங்கிப் புரட்டிக்கொண்டே இருந்தான், திருப்பிக் கொடுக்கவில்லை. நான் கூப்பிட்ட பிறகுதான் கொடுத்தான். இதையும் மறைக்கவில்லை.

என் மனைவி என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னை "சார்" என்கிறார்கள். மாமா என்று சொல்ல ஆளில்லை. நான் கூப்பிட்டால் இன்னமும் ஓடிவருகிறவள் மிளகு ஒருத்திதான். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவளும் போய்விடுவாள். என்னால் முடியவில்லை அக்கா. கொஞ்ச நாள் விடு. உன் காலில் விழுகிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 28

தம்பிக்கு,

நாய்க்கு நீ பயந்தாய். வேலைக்குப் பயந்தாய். பேப்பருக்குப் பயந்தாய். எல்லாம் எனக்குப் புரிகிறது. அழுக்குத் துணிக்குள் ஒளிந்து கிடந்தவர்களைப் பிடிக்க ஒரு படையே வந்திருக்கிறது. நாயும் மைக்கும் பலிக்காமல், கடைசியில் உன் தொண்டையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். தங்கள் அழுக்கைத் துவைக்க ஆள் வேண்டும். துவைத்தவர்கள் மனிதர்களாக எதிரே நிற்கக் கூடாது. அவர்களை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. உன்னை அன்றைக்காக ஒருவேளை மன்னித்திருப்பேன்.

ஆனால் அன்றைய பயம் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக யாரும் உன் பேப்பரைப் புரட்டவில்லை. உன் வீட்டில் நாய் குரைக்கவில்லை. தாயை இழுத்துப் போனவர்கள் விட்டுப்போன குழந்தையை நீ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாய். உன் தனிமைக்கு மருந்தாக வைத்துக்கொண்டிருக்கிறாய். வகுப்பில் ஒருவன் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, "நான் இல்லேன்னா கீழ விழுந்து ஒடஞ்சிருக்கும் டீச்சர்" என்றால் சிரித்துக்கொண்டே திருப்பி வாங்கிக் கொடுப்பேன். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

இஸ்திரிக்காரப் பெண்ணின் தங்கைக்கு அங்கே பேப்பர் இருக்கிறது. மே மாதம் இருபதாம் தேதி அவள் ஊருக்கு வருகிறாள். பத்தொன்பதாம் தேதி காலையில் உன் வீட்டுக் கதவைத் தட்டுவாள். உன் மனைவியிடம் நான் பேசிவிட்டேன். குழந்தையின் துணிகளை அவள் எடுத்து வைத்துவிட்டாள். "அவருக்குத் தெரியாம இல்ல, அவர் எதிர்லயேதான் அடுக்கினேன்" என்றாள். பாக்கி இருப்பது உன் கையெழுத்து.

இதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். என் மகள் யாராவது கூப்பிட்டு எழுந்து வருகிற நாள் வந்தால், அன்றைக்கு யோசிக்கிறேன்.

குழந்தையை நீ வளர்த்தால் என்ன தப்பு என்று கேட்டிருந்தாய். ஆசிரியை என்பதால் கேள்வியை விட்டுவிட்டுப் போக மனசில்லை. பதிலை நான் சொல்வதைவிட நீயே கண்டுபிடிப்பது நல்லது. நாளைக் காலையில் மிளகு சாப்பிடும்போது அவளுக்கு எதிரே உட்கார். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லாதே. "உங்க அம்மா ஒளிஞ்சிருந்தா. நான் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதாலதான் வந்தா" என்று அவள் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு முறை சொல்லிப் பார்.

பதினோரு பேரில் ஒருத்தியின் அம்மா