கைக்கு அளவான துவக்கு

நோர்போக்,
3 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

மடு மாதாவின்ர காவலில நாங்கள் இஞ்ச இருக்கிறம். நீங்களும் மரியமலர் மச்சாளும் பிள்ளையளும் லண்டனில அப்பிடியே இருப்பியள் எண்டு நம்பிறன். நீங்கள் போன் எடுக்கேக்க இவர் பக்கத்தில நிண்டபடியால் ஒண்டும் கதைக்கேலாமல் போச்சு. அதுதான் இந்தக் கடிதம்.

காட்டுக் கந்தோரில என்னை நிரந்தரமாக்கிப் போட்டாங்கள்! இனி பாதி நாள் இறைச்சி வெட்டுற கொட்டிலில நிக்கத் தேவையில்லை, முழு நேரமும் மான் சுடுறதுதான் வேலை. இளமரத்தையெல்லாம் மான் கடிச்சுக் கொல்லுதெண்டு கவர்மெண்டே ஆள் வைச்சுச் சுடுவிக்குது, சம்பளமும் தருது. மன்னாரில எங்கட அப்பர் இதைச் செய்து பொலிசிட்ட அடியெல்லோ வாங்கினவர்.

நேற்று ஒரு பெட்டை மான் விழுந்தது. நெஞ்சில குண்டு வாங்கிக்கொண்டும் பத்தையுக்குள்ளால ஓடி, வாயால ரத்தம் கக்கித்தான் விழுந்தது. வயித்தைக் கீறிக் குடலை எடுக்கேக்க ஆவி பறந்துது. எனக்கோ விரல் விறைச்சுப் போய்க் கிடந்தது, அந்தச் சூட்டுக்குள்ள கையை வைச்சுக் குளிர் காய்ஞ்சன். வீட்டை வந்தா இவர் மூக்கைப் பொத்திறார். தான் நாள் முழுக்க வான்கோழிப் பக்டரியில கழுத்து அறுத்துப்போட்டு வாற மனிசன்!

விசயத்துக்கு வாறன். கந்தோர் தந்த துவக்கு எனக்குச் சரிவரேல்லை. இருபத்தினாலு அங்குலக் குழல். அதுக்கு முன்னால, எங்கட காது செவிடாகக் கூடாதெண்டு மொடறேற்றர், அதுதான் சத்தத்தை அடக்கிற இரும்பு உருளை, பூட்டிக் கிடக்கு. நீட்டிப் பிடிச்சா முனை நிலத்தைப் பாக்குது, கொஞ்ச நேரத்தில இடது கை நடுங்கத் தொடங்குது. சொந்தமா ஒண்டு வைச்சிருக்கப் பொலிஸ் லைசன்ஸ் தந்திட்டுது. நீங்கள் பட்டறையில வெள்ளைக்காரத் துரைமாருக்கெல்லாம் துவக்குச் செய்து குடுக்கிறியள். தங்கச்சிக்கும் ஒண்டு செய்து தாங்கோவன்.

உங்கட அன்புத் தங்கச்சி
பெர்ணி


மனோர் பார்க், லண்டன்,
12 நவம்பர் 1996

அன்புத் தங்கச்சி பெர்ணிக்கு,

உன்ர கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில வைச்சு மரியமலருக்கு வாசிச்சுக் காட்டினன். குடல் எடுக்கிற இடம் வர, "உதை நிப்பாட்டுறியளோ, இல்லாட்டி எழும்பிப் போகட்டோ" எண்டு கத்தினாள்.

இஞ்சயும் ரத்தத்துக்குக் குறைவில்லை. போன சனிக்கிழமை ஈஸ்ற்ஹாமில எங்கட பெடியள் ரண்டு கூட்டமாப் பிரிஞ்சு வாளால வெட்டுப்பட்டவங்கள். ஒருத்தன்ர காது பஸ் ஸ்ரொப்பில கிடந்ததாம். முந்தி மொட்டைத் தலை வெள்ளையங்களுக்குப் பயந்து ஓடினம். இப்ப எங்கட ஆக்களைக் கண்டுதான் ரோட்டை மாறி நடக்கிறம். நல்ல சீத்துவம்!

துவக்குக்கு வருவம். நீ சொல்லுறது உலக்கை நுனியில வாளி கட்டித் தூக்கிற கதை. குழல் நீண்டால் நல்லம் எண்டு கனபேர் நினைக்கிறாங்கள். மலையில நிண்டு முன்னூறு யார் தூரத்துக்குச் சுடுறவனுக்கு அது சரி. உன்ர காட்டில நூறு யார் தூரத்துக்கு மேல பாக்க மரம் விடாது. இருபது அங்குலமா வெட்டினா குண்டின்ர வேகம் கொஞ்சம் குறையும், அது மானுக்குத் தெரியவா போகுது? மொடறேற்றரிலயும் ரண்டு வகை இருக்கு. ஒண்டு முழுக்க முனையில தொங்கிற பாரமான இரும்பு. மற்றது பாதி பின்னுக்கு வந்து குழலை மூடி நிக்கும், நிறையும் குறைவு, அந்தப் பாரமும் கைக்குக் கிட்ட வந்திடும். எல்லாம் பூட்டின பிறகு துவக்கை நடுவில ஒரு விரலில வைச்சா விழாமல் நிக்க வேணும். அதைத்தான் நாங்கள் சமநிலை எண்டிறது.

எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையா இருக்கேக்கையே அப்பற்ற துவக்கை ஒரு கையால தூக்கினவள் நீ. இப்ப கை நடுங்குது எண்டிறாய். துவக்கைப் பிடிச்சபடி ஒரு படம் எடுத்து அனுப்பு. பிடியைப் பாக்காமல் நான் குழலில கை வைக்க மாட்டன்.

சூசைதாசன் மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

அன்பு அண்ணை
கிறிஸ்துநாயகம்


நோர்போக்,
15 டிசம்பர் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

கேட்ட படம் இதுக்குள்ள இருக்கு. கந்தோர் ஆள் எடுத்தது. என்ர சிரிப்பைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, முன்பல்லு ஒண்டு உடைஞ்சு போச்சு. பாண் கடிக்கேக்க.

இந்தக் கிழமை வேலை நல்லா இல்லை. ஆரோ களவாச் சுட்டுத் தாடை பறந்த கிடாய் ஒண்டு, நாக்குத் தொங்கத் தொங்க வாய்க்காலுக்கை கிடந்தது. குண்டை வீணாக்காமல் கத்தியாலயே முடிச்சன். முடியுமட்டும் அது என்னையே பாத்துக்கொண்டு கிடந்தது. எனக்கு ஏனோ அழுகை வந்திட்டுது.

நத்தாருக்கு மச்சாள் அனுப்பின பலகாரம் வந்தது. பயத்தம் உருண்டை பாதி தூள், எண்டாலும் ஒரு தூளும் மிச்சமில்லை.

உங்கட அன்புத் தங்கச்சி
பெர்ணி


மனோர் பார்க், லண்டன்,
8 ஜனவரி 1997

அன்புத் தங்கச்சிக்கு,

படத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய் லேத்து விளக்குக்குக் கீழ வைச்சுப் பாத்தன். இடது முழங்கையை விலாவோட ஒட்டி வைச்சிருக்கிறாய். மணிக்கட்டுக்கு மேல எலும்பு கோணிக் கிடக்கு. துவக்குப் பிடிக்கிற கையைப் பாக்கிறதுதான் என்ர சோறு, பெர்ணி. உது முறிஞ்சு சரியாப் பொருந்தாத கை.

என்ன நடந்தது? எப்ப நடந்தது? எனக்கு ஏன் சொல்லேல்லை? பாண் கடிச்சுப் பல்லு உடைஞ்ச கதையைப் போய் வேற ஆருக்கும் சொல்லு.

இருபது அங்குலம் எண்டு முடிவு பண்ணிப்போட்டன். பாரம் குறைஞ்ச மொடறேற்றர், பின்னுக்கு வந்து மூடுறது. தோளில வைக்கிற கட்டையின்ர அடியிலயும் கொஞ்சம் ஈயம் வைச்சா முனை தானா எழும்பும், உன்ர இடது கைக்கு வேலை இராது. மறுமொழி உடன எழுது.

அண்ணை


நோர்போக்,
26 ஜனவரி 1997

அன்புள்ள அண்ணைக்கு,

கேட்டிட்டியள், சொல்லுறன். அடுப்புக் கிளறுற இரும்புக் கம்பி. அடிச்சது உங்கட மச்சான்.

போன தவக்காலத்தில நடந்தது. நான் அவரை விடக் கூடச் சம்பளம் எடுக்கிறனாம், காட்டுக்குள்ள வெள்ளையளோட கூத்தடிக்கிறனாம். ஆசுப்பத்திரியில ஏணியால விழுந்தன் எண்டு சொன்னன். இவர் பக்கத்தில நிண்டு பாவமாத் தலையாட்டினவர். பல்லுப் போனது உப்புக் கூடினதுக்கு. போன கிழமை கழுத்தைப் பிடிச்சு நெரிச்சவர், கண் இருட்டி நிலத்தில விழுந்தாப் பிறகுதான் விட்டவர். எழும்பி அவருக்குத்தான் தேத்தண்ணி ஊத்தினன். என்ர வெட்கங்கெட்ட நிலையைப் பாருங்கோ.

மான் முன்னால நிக்கேக்க எனக்கு நெஞ்சு படபடக்கிறேல்லை, அண்ணை. வீட்டு வாசலில கார் வந்து நிக்கிற சத்தம் கேட்டா மூத்திரம் போகுது.

இப்ப புதுத் தொல்லை ஒண்டு. துவக்கு வைக்கவெண்டு சுவரில இரும்புப் பெட்டி பூட்டியிருக்கு. அதின்ர திறப்பைத் தா எண்டு நிக்கிறார். என்ர வீட்டில நான் திறக்கேலாத பெட்டியோ எண்டு கத்திறார். திறப்பு என்ர கையை விட்டுப் போகக் கூடாதெண்டு பொலிஸ்காரன் வந்து சொல்லிப்போட்டுப் போனவன். உங்களுக்குத் தெரியாத சட்டமே?

உங்கட வீட்டில மேல்மாடிச் சின்ன அறை சும்மாதானே கிடக்கு. நான் வரட்டோ? சமைப்பன், பிள்ளையளைப் பாப்பன், ஒரு வேலையும் தேடுவன். ஓம் எண்டு ஒரு சொல் எழுதுங்கோ, அண்டைக்கே கோச் ஏறி வாறன். மறுமொழியைக் கந்தோர் விலாசத்துக்குப் போடுங்கோ, வீட்டுக்கு வேண்டாம்.

பெர்ணி


மனோர் பார்க், லண்டன்,
2 மார்ச் 1997

அன்புத் தங்கச்சிக்கு,

உன்ர கடிதம் வந்த நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கேல்லை. அந்த நாயின்ர ரண்டு கையையும் முறிச்சு வான்கோழியளுக்குள்ள போடவேணும் போல கிடந்தது. கோச்சுக்கு ரிக்கற்றும் எடுத்தனான். மரியமலர்தான் மறிச்சவள்.

பிறகு நிதானமா யோசிச்சன். சின்ன அறையில மரியமலர் தையல் மெசின் வைச்சிருக்கிறாள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசுறம். இந்த நேரம் மாமிக்காரி புருசனை விட்டிட்டு வந்து நிக்கிறா எண்டு கோயிலில ஒரு கதை எழும்பினா, பிள்ளையின்ர காரியம் என்னாகும் சொல்லு? நீ விளங்காதவள் இல்லை.

கோபத்தில ஒருத்தன் கை நீட்டினா அவனைத் திருத்தப் பாக்க வேணும். யூலையில லண்டன் தமிழ்ச் சனமெல்லாம் வால்சிங்கம் மாதா கோயிலுக்குக் கோச்சில வரும், நாங்களும் வாறம். உங்களுக்குக் கிட்டத்தானே. அவனையும் கூட்டிக்கொண்டு வா. மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ண வைக்கிறது என்ர பொறுப்பு. அதுமட்டும் பொறுத்துக்கொள்.

துவக்கு முடிஞ்சுது. உங்கட ஊர்த் துவக்குக் கடைக்கு அனுப்பியிருக்கிறன், லைசன்ஸைக் காட்டி எடு. பெர்ணி, இப்பிடி ஒண்டு நான் இதுவரைக்கும் செய்யேல்லை. விரலில வைச்சன், தராசு மாதிரி நிண்டுது. எங்கட முதலாளி தூக்கிப் பாத்திட்டுத் திரும்பவும் ஒருக்காத் தூக்கிப் பாத்தார். ஆர் கையில எடுத்தாலும் முனை ஆடாது.

அன்பு அண்ணை


மனோர் பார்க், லண்டன்,
17 ஆகஸ்ட் 1997

அன்புத் தங்கச்சி பெர்ணிக்கு,

வால்சிங்கத்தால வந்து உன்ர கடிதம் ஒண்டையும் காணேல்லை. கோபமோ? சந்தோசத்தில மறந்திட்டாய் எண்டு நினைக்கிறன்.

சூசைதாசன் மாதாவின்ர காலடியில விழுந்து அழுததை நீயும் பாத்தனீ. அவ்வளவு சனத்துக்கு முன்னால ஒரு ஆம்பிளை சும்மா அழ மாட்டான். பிறகு புல்லில இருத்தி உங்கள் ரண்டு பேரையும் ஒரே கோப்பையில புட்டும் கோழிக்கறியும் தின்ன வைச்சன். மரியமலருக்கும் கண் கலங்கிப் போச்சு. திரும்பி வரேக்க கோச்சில எல்லாரும் அதைத்தான் கதைச்சவை.

நான் அண்டைக்குச் சொன்னதைத் திரும்பவும் எழுதிறன். அவன் என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டுதான், அந்தப் பெட்டித் திறப்பு. நான் துவக்குத் தொழில்காரன், சட்டம் எனக்குப் பாடம். ஆனால் வெள்ளைக்காரன் தன்ர குடும்பத்தைப் பாத்து எழுதின சட்டம் அது. எங்கட வீட்டில ஆம்பிளைக்குத் திறப்பில்லாத பெட்டி ஒண்டு இருந்தா, விடியவும் பொழுதுபடவும் அவனுக்கு அது செருப்படி. நம்பிக்கை இருந்தாத்தான் மனிசன் திருந்துவான். பெட்டிக்கு ரண்டு திறப்பு இருக்குந்தானே, மற்றதை அவன்ர கையில குடு. சிரிச்ச முகத்தோட குடு.

மூத்தவளின்ர கலியாணம் சரிவந்திட்டுது. மாப்பிளை கிங்ஸ்பரியில, எக்கவுண்டன்ற். ரண்டு பேரும் சோடியா வந்து முன்னுக்கு நிக்க வேணும்.

அன்பு அண்ணை
கிறிஸ்துநாயகம்


19 ஒக்டோபர் 1997

அண்ணை,

திறப்பைக் குடுத்தன். நீங்கள் எழுதினபடி, சிரிச்ச முகத்தோட, தேத்தண்ணியும் கொண்டுபோய்க் குடுத்தன். துவக்கின்ர போல்ட்டை மட்டும் கழற்றி என்ர மழைக்கோட்டுப் பொக்கற்றில வைச்சிருந்தன். போல்ட்டைப் பற்றி நீங்கள் ஒண்டும் எழுதேல்லைத்தானே. அது இல்லாட்டிக் குண்டில அடிக்கிற ஊசியும் இல்லை, வெடியும் இல்லை, துவக்கு வெறும் குழாய். உங்களுக்கும் எனக்கும் அது தெரியும். அவருக்குத் தெரியாது.

போன ஞாயிறு பூசையால வந்து நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டன். இவர் வந்த உடன குடிக்கத் தொடங்கினவர். கறி பிந்திப் போச்செண்டு சட்டியைத் தூக்கி எறிஞ்சார். பிறகு என்ர தலைமயிரைப் பிடிச்சுச் சுவரில அடிச்சார், நெற்றி வெடிச்சு ரத்தம் கண்ணுக்குள்ள வந்திட்டுது. மாதாட்டை என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அழ வைச்சனியளடி, அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து ஊருக்கு முன்னால என்னைப் பொம்பிளையாக்கிப் போட்டியள் எண்டு கத்தினார். போய்ப் பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

குசினி மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என்ர நெஞ்சுக்கு நேர பிடிச்சார். நான் அசையேல்லை. வெடிக்காது எண்டு எனக்குத் தெரியும். சுடுவாரோ எண்டு பாக்கத்தான் நிண்டன். சுடேக்க துவக்கு உதைக்கும் எண்டு தோளை இறுக்கினார். கண்ணை மூடினார். விசையை இழுத்தார். ஒண்டும் நடக்கேல்லை எண்டோண்ண திரும்பவும் இழுத்தார். என்ர மனிசன் என்னைச் சுட்டுப்போட்டார், அண்ணை. குண்டு வரேல்லை, அவ்வளவுதான்.

என்ர கையில மீன் கத்தி இருந்தது. எங்க குத்தினா உடன விழும் எண்டு தெரிஞ்ச கை இது. குத்தத்தான் மனம் வந்தது. கத்தியை மேசைப் பலகையில குத்தி விட்டிட்டு ரோட்டுக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினன்.

பொலிஸ் அவரைக் கொண்டு போச்சு, துவக்கையும் கொண்டு போச்சு. திறப்பை வேற ஆளிட்டக் குடுத்ததுக்கு என்ர லைசன்ஸையும் பறிச்சுப் போட்டாங்கள். லைசன்ஸ் இல்லாமல் காட்டில என்ன வேலை? அதுவும் போச்சு. இந்த நாட்டில நான் எண்டு சொல்ல எனக்கு இருந்தது அந்த ஒண்டுதான். திறப்பை ஆர் குடுக்கச் சொன்னது எண்டு கேட்டவங்கள். நானாத்தான் குடுத்தன் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சன். உங்கட பட்டறை வேலைக்கும் பிள்ளையின்ர கலியாணத்துக்கும் ஒரு கேடும் வராது.

அடிவாங்கின பொம்பிளையளை வைச்சிருக்கிற வீடு ஒண்டில இருக்கிறன். எங்க எண்டு சொல்ல மாட்டன். திரும்பவும் இறைச்சி வெட்டப் போறன். அடுத்த யூலை கோச்சில வந்து என்னைத் தேட வேண்டாம். கலியாணத்துக்கு நான் சுகமில்லை எண்டு சொல்லுங்கோ, மச்சாளுக்கு அது வசதி.

உங்கட வேலையில ஒரு குறையும் சொல்லேலாது. குழலின்ர நீளமும் மொடறேற்றரின்ர பாரமும் அவ்வளவு கச்சிதம். என்ர முறிஞ்ச கைக்கெண்டு செய்தது, அந்த வெறிகாரன்ர கையிலயும் முனை கொஞ்சமும் ஆடேல்லை. என்ர நெஞ்சுக்கு நேர அப்பிடியே நிண்டுது.

எனக்குத் திரும்ப லைசன்ஸ் தந்தாங்கள் எண்டா, துவக்கை வேற ஆரிட்டையாவது செய்விப்பன்.

பெர்னடெற்