ஒருவருக்கு மட்டும் சமாதானம்

ஜூன் 9, 2025, திங்கள்

அச்சாபீஸில் காலண்டர் தாள் மடித்துக்கொண்டிருந்தபோது பட்டாசுக் கம்பெனி வக்கீல் போன் செய்தார். போன வருஷ வெடி விபத்தில் இறந்த தங்கத்தாய் அக்காவின் புருஷன் பெத்தணன், சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அதைக் காட்டி மதுரை ஹைகோர்ட்டில் கேஸை ரத்து செய்யக் கேட்கப்போகிறார்களாம். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"அப்போ எங்க வீட்டுக்காரருக்கும் முடிஞ்சிருமா சார்?"

"இது முதலாளி சீனிவாசகத்துக்கு மட்டும்மா. போர்மேனுக்கு நீங்க தனியாப் பார்த்துக்கோங்க."

தனியா என்றால்? முதலாளி மேலும் போர்மேனான இவர் மேலும் ஒரே கேஸ்தானே? வாயைத் திறக்காம இரு, நாங்க பார்த்துக்கிறோம் என்று ஒரு வருஷமாக இவரிடம் சொன்னது யார்?

ஜூன் 10

இவரிடம் சொன்னேன். "நான் செத்துட்டா கேஸ் முடிஞ்சிரும்ல, ரோஜா?" என்றார். அழாமல், நிதானமாகக் கேட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 11

வேலைக்குப் போகவில்லை. இவரை எப்படித் தனியாக விட?

ஜூன் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் மதினியை இவருக்குத் துணை வைத்துவிட்டு அச்சங்குளம் போனேன். பெத்தணன் அண்ணன் தன் மகளின் யூனிபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

"முதலாளிக்குப் போட்ட மாதிரி எங்களுக்கும் ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

"ஒண்ணு போட்டதே தொண்டையில நிக்கிது. இன்னொண்ணும் கேக்கியா?"

காலைப் பிடித்தேன். வெட்கம் பார்க்க எனக்கு எங்கே வழி? சோப்பு நுரையோடு கையை உயர்த்திக்கொண்டு விலகினார்.

"எந்திரிம்மா. எங்கன வரணும்னு சொல்லு, வாரேன். ஆனா ஒம்புருசன் என் மூஞ்சியப் பார்த்துப் பேசணும்."

ஜூலை 8

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா எங்கள் மனுவையும் போட்டுவிட்டார். நடந்துரும்தானே என்று கேட்டேன். "உயிர் போன கேஸும்மா, உறுதியாச் சொல்ல முடியாது" என்கிறார். முடியாதென்றால் - அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21

மதுரை. யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி பெத்தணன் அண்ணனைக் கேட்டார். "இல்லங்கய்யா." பிறகு, ஓர் உயிர் போன வழக்கை இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள முடியாது, விசாரணை நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் மனு, முதலாளி மனு, இரண்டும் தள்ளுபடி.

போச்சு. எல்லாம் போச்சு. காலைப் பிடித்ததும் வீண்.

திரும்பும் பஸ்ஸில் இவர் எழுந்து போய் பெத்தணன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தே பேசினார்.

"அந்த ரூம்ல நாலு பேருதாண்ணே இருக்கணும். எட்டுப் பேரை உக்கார வச்சோம். வேண்டாம்னு முதலாளிக்குப் போன் போட்டேன். சீசன் லோடு போயாகணும்னாரு. நான்தான் எல்லாரையும் உள்ள போகச் சொன்னேன்."

கள்ளிக்குடி தாண்டியதும் அண்ணன் இவர் பக்கம் திரும்பினார். "இதைக் கோர்ட்டுல சொல்லுவியா, சண்முகம்?" என்றார்.

இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போயிட்டா நான் என்ன செய்ய? ஆனா வேண்டாம்னு தடுக்கல.

"சொல்லுதேண்ணே" என்றார் இவர்.

ஆகஸ்ட் 30

கம்பெனி வக்கீல் மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்காதே என்றார் இவர்.

டிசம்பர் 4

சாத்தூர் கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். முதலாளி இல்லை என்றார். இவர், "என் பங்கை ஒத்துக்கிடுதேன்யா. மிச்சத்தையும் சொல்லணும்" என்றார். சொல்லச் சொன்னார்கள். போன் போட்டதிலிருந்து எல்லாம் சொன்னார். ரூமுக்குள் இருந்தவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கத்தாய் என்றபோது கடைசி பெஞ்சில் இருந்த பெத்தணன் அண்ணன் எழுந்து நின்றார்.

இவருக்கு என்ன தண்டனை வருமோ. நானும் எழுந்து நிற்க நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.