கத்தரி எடுக்காத செவ்வாய்க்கிழமை

ஏட்டி,

இன்று காலை ஒரு பிள்ளையின் தலையில் ஈரம் காய்வதற்குள் அயர்னை வைத்துவிட்டேன். சுர்ரென்று ஆவி கிளம்பி, கருகிய முடி வாசனை கடை முழுக்க ஏறிவிட்டது. அந்தப் பிள்ளை "ஐயோ அக்கா!" என்று துள்ளியது. எனக்கோ, நாற்காலிக்குப் பின்னால் நின்று நீ வையப்போகிறாய் என்று தலை தானாகத் திரும்பிவிட்டது. "டீசர்ட்டுக்குத்தானுங்க ஈரம் வேணும், தலைக்கு ஆகாதுங்க்கா. எத்தன தடவ சொல்றது?" என்பாயே. பனியன் கம்பெனியில் வருசக்கணக்காக அயர்ன் மேசையில் நின்ற கை உனக்கு. சூடு, ஈரம் விசயத்தில் உன்னிடம் நான் பேச்சு வாங்காத நாளில்லை. திரும்பிப் பார்த்தால் துண்டு காயப்போட்ட கொடிதான் இருக்கிறது. வந்த கோபத்தை யாரிடம் காட்ட? அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ முதன்முதலில் படியேறி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காதர்பேட்டைக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது என் பார்லர். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் டைலர். இடுப்பு பிடித்துக்கொண்டு அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, இந்த இரண்டு நாற்காலிகளில்தான் எங்கள் சோறு. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பிள்ளைகள் வருவார்கள். மற்ற நாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர். செவ்வாய்க்கிழமை ஈ காக்கை எட்டிப் பார்க்காது. செவ்வாயில் முடியில் கத்தரி வைக்கக் கூடாது என்று ஊரே நம்புகிறது, ஆண்கள் சலூனுக்கே அன்று பூட்டுதானே.

கூட்டம் இருக்காது என்று பார்த்துத்தான் நீயும் அன்று வந்தாய். வாசலைத் தாண்டாமல் நின்று, "ஐப்ரோ எடுப்பீங்களாங்க... எங்களுக்கு?" என்று கேட்டாய். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டில் மகனாகப் பிறந்து, மகளாக வெளியேறியவள் நீ என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, ஒரு திருநங்கை வாசலில் நிற்கிறாள், எனக்கு வேலையில்லை என்பது மட்டும்தான். "காசு குடுத்தா யாருக்கும் எடுப்பேன், உள்ள வா" என்றேன். பெரிய மனசெல்லாம் இல்லை, சும்மா இருந்த எரிச்சல்.

நூல் பிடித்து முடிப்பதற்குள் நீ என் கடையை அளந்துவிட்டாய். "ஏனுங்க்கா, செவ்வாக்கெழம மட்டும் எங்களுக்குன்னு வெச்சா என்னங்க?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் ஆட்கள் முடியை வளர்க்கிறவர்களாயிற்றே, வெட்டவே மாட்டார்களே, அவர்களை நம்பி ஒரு முடி திருத்தும் கடையா என்று கேட்டேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தே பதில் சொன்னாய்.

"வெட்டறதுக்கு வர மாட்டாங்கதானுங்க. வளக்கறதுக்கு வருவாங்க. முடி வெட்டக் கூடாத நாள்ல முடி வெட்டாதவங்க வந்தா யாருக்குங்க நட்டம்?"

இந்த மூளை எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றும் எனக்குப் பொறாமைதான். அன்றைக்கு ஒப்புக்கொள்ளாமல் மல்லுக்கு நின்றேன். நீயும் விடவில்லை. கம்பெனி வேலை முடிந்து வந்து வந்து பேசினாய். பொறுக்க முடியாமல் ஒருநாள், "ஏட்டி, கூறுகெட்டவளே, கடை ஓடலன்னா என் வீட்ல உலையில என்னத்தப் போடுவேன்? ஒன் தலையையா?" என்று கத்திவிட்டேன். நீ அப்படியே நின்றாய். கண் நிறைந்துவிட்டது. பயந்து போய், என்னத்தச் சொல்லிட்டேன் என்று கேட்டால், நீ சிரிக்கிறாய்.

"இல்லீங்க்கா. இத்தன நாளு என்னைய வஞ்சவங்க எல்லாம் ஆம்பளையாத்தான் வஞ்சாங்க. நீங்கதான் பொம்பளையா வையறீங்க."

எங்கள் ஊரில் ஏட்டி என்பது தெருவில் போகிற வருகிற பெண்ணுக்கெல்லாம் சொல்வது. அதற்கு இத்தனை மதிப்பு உண்டென்று நீதான் எனக்குக் காட்டினாய். சரி, அடுத்த செவ்வாயிலிருந்து பார்ப்போம் என்று அன்றே சொல்லிவிட்டேன். கம்பெனியில் நீ செவ்வாய்க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய்.

முதல் சில செவ்வாய் ஒருத்தரும் வரவில்லை. இரண்டு பேர் பாதிப் படி ஏறி, கதவைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். நான் உன்னைப் பேசாத பேச்சில்லை. நீ வெளியே போய், அவர்கள் நின்ற படியிலேயே நின்று கதவைப் பார்த்தாய். கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த பெரிய கத்தரிப் படம்தான் அங்கிருந்து முதலில் தெரியும்.

"அக்கா, இத எடுத்துரலாமுங்க."

"பார்லருக்குக் கத்தரி போடாம கரண்டியா போடுவாவ?"

அப்போதுதான் சொன்னாய். துண்டுகளை மடித்துக்கொண்டே, யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னாய். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் கிடைத்த முதல் தண்டனை கத்தரிதான் என்று. கழுத்துவரை நீ வளர்த்திருந்த முடியை, உன் அப்பாவும் சித்தப்பாவும் மாட்டுச் சாளையில் உன்னை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு, கத்தரித்து எறிந்ததை. மறுநாள் காலை நீ பஸ் ஏறியதை. நான் அந்தப் படத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். கத்தரிகளை எல்லாம் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். அவர்களாகக் கேட்டால் ஒழிய வெளியே எடுப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.

அதன்பிறகுதான் வர ஆரம்பித்தார்கள். அவிநாசிபாளையத்திலிருந்து, பல்லடத்திலிருந்து, பஸ் மாறி வந்தார்கள். முகத்து முடிக்கு வேக்ஸ், முன் நெற்றி ஏறினதை மறைக்கிற மாதிரி வகிடு, பாதி வளர்ந்த முடிக்கு ஒட்டு முடி. நீ அயர்ன் பிடித்தால் சுருட்டை முடியும் சொன்ன பேச்சு கேட்கும். கத்தரி கேட்ட ஒரே ஆள் அந்தத் திருநம்பிப் பையன்தான். "எனக்கு மட்டும் நல்லா ஒட்ட வெட்டுங்க்கா, சலூன்ல போயி உக்காரக் கூச்சமா இருக்குது" என்று அவன் சொன்னதும், மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது நினைவிருக்கிறதா? சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கட்டடம் அவருடையது, என் பழைய வாடிக்கையும் கூட. மேலே வந்து, "ஏங் கண்ணு, நீ எங்களுக்குக் கடை வெச்சிருக்கறயா, அவங்களுக்கா? ஒண்ணச் சொல்லு" என்று கேட்டார். நீ முந்திக்கொண்டு, "அம்மா, சீப்பு, துண்டு எல்லாம் தனியா வெச்சுக்கறமுங்க" என்றாய். எங்கிருந்துதான் எனக்கு அத்தனை கோபம் வந்ததோ. "தனிச் சீப்பெல்லாம் என் கடையில கெடையாது. கழுவுத சீப்புதான் எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் இறங்கிப் போனார். அவரோடு நாலைந்து பேர் வருவதை நிறுத்தினார்கள். நல்ல வேளை, கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லவில்லை. அன்று மாலை முழுக்க நான் வாடகையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். நீயோ, "என்னமா வாய் உங்களுக்கு!" என்று ரசித்துக்கொண்டிருந்தாய்.

நீ பயப்படாததற்குக் காரணம் இருந்தது. முடி வளர்க்கிறவள் மாதா மாதம் வந்துதான் ஆக வேண்டும், ஒரு தடவையோடு போகிறவள் இல்லை என்று நீ கணக்குப் போட்டு வைத்திருந்தாய். அப்படியானால் ரேட்டைக் கொஞ்சம் கூட்டலாமே, இவர்களுக்கு வேறு கடை ஏது என்று நான் ஒருமுறை சொன்னேன். உன் முகம் மாறிவிட்டது. "வேற போக்கில்லைன்னு தெரிஞ்சு ஏத்துனா நானே சட்டரை இழுத்து உட்ருவனுங்க்கா. போக்கில்லாதவங்ககிட்ட எல்லாரும்தானுங்க ஏத்தறாங்க. வாடகை ஊட்டுல இருந்து ஆட்டோ வரைக்கும்." அதோடு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. வியாபாரமும் தெரிந்து, மனுசத்தன்மையும் உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடை மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பொங்கலூரிலிருந்து போன் வந்தது. உன் அப்பா போய்விட்டார். சித்தப்பா பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "கொள்ளி வெக்கறதுக்கு நீதான் இருக்கற. மொட்ட போட்டு, வேட்டி கட்டீட்டு வர்றதுன்னா வா. இல்லீன்னா பங்காளி ஊட்டுப் பையன வெச்சுப் பாத்துக்கறோம்."

உன் முடி அப்போது இடுப்பைத் தொட்டிருந்தது. நீ கொஞ்ச நேரம் அதைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய். "மொட்ட போட்டுக்கறனுங்க சித்தப்பா. வேட்டி கட்ட மாட்டனுங்க. சீலைலதான் வருவன்." அவர், "சரி, மொதல்ல வா" என்றார்.

நீ நாற்காலியில் உட்கார்ந்தாய். "நீங்களே எடுத்து உடுங்க்கா."

மாட்டேன் என்றேன். இன்று செவ்வாய்க்கிழமை என்றேன். "கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? ஒன்னப் புடிச்சு வச்சு முடிய வெட்டுன மனுசன்ட்டி! அவருக்கா இதக் குடுக்கப் போற?" என்று கத்தினேன்.

"அன்னிக்கு அவரா எடுத்துக்கிட்டாருங்க. இன்னிக்கு நானாக் குடுக்கறனுங்க. ரண்டும் ஒண்ணுங்களா?"

மேசை இழுப்பறையைத் திறந்தேன். முதலில் பின்னலை எடுத்தேன், பிறகு ரேசர். நீ கண்ணைக்கூட மூடவில்லை. "காதுக்குப் பின்னால பாத்துங்க்கா, அங்க ஒரு தழும்பு இருக்குது" என்றாய். பழைய கத்தரி பட்ட இடம். நான் அழுதேன், நீ எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய். சாவு வீட்டுக்காரி நீ, தேற்றுவது யாரை!

உன்னோடு நானும் வந்தேன். வெள்ளைச் சேலையும் மொட்டைத் தலையுமாக நீ பந்தலுக்குள் நுழைந்தபோது கூட்டம் விலகியது. ஒருவரும் உன்னைத் தொடவில்லை. சித்தப்பா உன் பழைய பெயரைச் சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் உன்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், "முன்னால நட கண்ணு" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ சொன்னது அதை மட்டும்தான். "பேரச் சொல்லலீங்க்கா, கண்ணுன்னாரு. அது போதுமுங்க."

கடைக்கு வந்ததும் அடுத்த சண்டை. ஒரு விக் வைத்துக்கொள், மொட்டைத் தலையைப் பார்த்தால் வருகிற பிள்ளைகள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்றேன். கடை அதோடு படுத்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன். நீ கேட்கவில்லை. வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு, வெறும் தலையோடு உட்கார்ந்தாய். "பாக்கட்டுமுங்க. முடி எங்கிருந்து எங்க வருதுன்னு பாத்துக்கட்டும்."

பார்த்தார்கள். வீட்டில் ஒட்டக் கத்தரித்து விரட்டப்பட்டு, துப்பட்டாவை அவிழ்க்காமல் மூலையில் உட்கார்ந்த பிள்ளைகள், உன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு முடி எடுத்து எத்தன மாசம் ஆச்சுங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நீ அவள் கையை எடுத்து உன் தலையில் வைத்தாய். அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். முடி காதைத் தொடும்போது எப்படி ஒதுக்குவது, கழுத்துக்கு வரும்போது எப்படிப் படியவைப்பது என்று எல்லாம் உன் தலையில்தான் நான் கற்றுக்கொண்டேன். செவ்வாய் போதாமல் வெள்ளியும் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை வருமானத்தை அந்த இரண்டு நாளும் எட்டிப் பிடித்தன. நீ அயர்ன் மேசையை விட்டுவிட்டு முழு நேரமும் கடைக்கே வந்தாய்.

உன் முடி மறுபடியும் தோளைத் தொட்டிருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்தாய். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், வெள்ளிக்கிழமை கூட்டம் முடியட்டும் என்றாய். உனக்கு எல்லாக் கணக்கும் தெரியும், உன் உடம்புக் கணக்கு மட்டும் தெரியாது. இதை நான் உனக்கு மன்னிக்கவே மாட்டேன், கேட்டுக்கோ.

அந்தக் காய்ச்சலிலேயே நீ போன பிறகு செவ்வாயும் வெள்ளியும் கடையை மூடிவிடுவது என்று முடிவெடுத்தேன். நீ இல்லாமல் அந்த முகங்களைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. முதல் செவ்வாயன்று, மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்கப் போனேன். படி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். "அழுது முடிச்சாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கம்மா" என்றேன். நீ கை பிடித்துத் துப்பட்டாவை அவிழ்க்கவைத்தவள்தான் எழுந்தாள்.

"நாங்க அழுவறதுக்கு வரலீங்க்கா. தலை பாத்துக்கத்தான் வந்தோம். சட்டரைத் தொறங்க."

திறந்தேன். வேறென்ன செய்ய? அன்று மத்தியானம் சாப்பிடக்கூட நேரமில்லை. வாடகையை இந்த மாதமும் தவணை தவறாமல் கொடுத்தேன். இன்றைக்கும் செவ்வாய்தான். வெளியே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னபடியே கடை தேறிவிட்டதுட்டி. நான்தான் இன்னும் தேறவில்லை.