குண்டு சாதி, விரலி சாதி

விரோதிகிருது, ஆனி 12
மழை. நேற்றும் மழை. பாபநாசத்துக்கு மேலே இந்த மலையில் மழை நின்றால்தான் செய்தி. காலில் அட்டை ஏழு.

துரைக்குக் காப்பித் தோட்டம் நோயில் போனபின் மஞ்சள் பைத்தியம். மூன்று பாத்தி நட்டாயிற்று: மலையாள மஞ்சள், குண்டு, விரலி. இந்த மழையைத் தாங்கி எது அதிகம் விளைகிறதோ, அதையே தோட்டம் முழுக்க நடுவாராம். மாதம் ஒரு அறிக்கை நான் எழுத வேண்டும். அவருக்குத் திருப்தியானால் தையில் அவருடைய வண்ணார்பேட்டைச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கு வேலை. தச்சநல்லூர் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அட்டை கிடையாது. அந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் காட்டு ஜனங்களைச் சகிக்கிறேன்.

விதை தந்த வண்ணார்பேட்டைக் கடைக்காரர் மூட்டைகளைத் தட்டிச் சொன்னார்: "இது குண்டு, இது விரலி. ரெண்டும் ரெண்டு தினுசு வே." வியாபாரி வாயில் உண்மை வந்தது இது ஒன்றுதான். எங்கள் வீட்டிலும் பெண்கள் குளிக்கக் குண்டு, குழம்புக்கு விரலி.

வாங்க: உப்பு, புகையிலை (அட்டைக்கு), மை.

ஆடி 20
சாரல். கு. முழங்கால் உயரம். வி. ஒரு சாண்தான். மலையாளம் வாடல். அறிக்கையில் எழுதியது: "குண்டு சாதி திடகாத்திரம். விரலி சாதி நோஞ்சான்." நல்ல வாக்கியம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். துரைக்கு இதன் அருமை தெரியாது.

களை எடுக்க வரும் இசக்கி கேட்காமலே வாயைத் திறந்தாள். "ஐயா, அந்த ரெண்டு சாதியும்..."

"ஏளா, சாதியப் பத்தி நீ எனக்குச் சொல்லுதியோ? களையப் பறி."

குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர்களுக்குக் காற்றடித்தாலும் சிரிப்பு.

ஐப்பசி 9
அடைமழை, மூன்றாம் நாள். மலையாளம் அழுகி நாறுகிறது. ஒழிந்தது சனியன். மீதி இரண்டுக்கும் வடிகால் வெட்டச் சொல்லப் போனால் இசக்கி முன்னமே வெட்டி வைத்திருக்கிறாள். "தண்ணி நின்னா அழுவிருமுல்லா ஐயா." இவளை யார் கேட்டார்கள்?

துரை வந்துபோனார். அவர் தமிழில் நாய்க்கும் 'நீ', எனக்கும் 'நீ'. அறிக்கை எல்லாம் நன்றாயிருக்கிறதாம். அதைச் சொல்ல இவர் ஒருவர்.

தலைவலி. சுக்கு தீர்ந்தது. வேட்டி ஒன்றும் காயவில்லை.

தை 1, பொங்கல்
வெயில்! பொங்கலுக்கு ஊருக்குப் போக உத்தரவு இல்லை. இங்கேயே பொங்கிக்கொள்வோம் என்று, பானையில் கட்ட வி. பாத்தியிலிருந்து ஒரு கொத்து பிடுங்கினேன். கழுவினேன்.

நடுவில் குண்டு. சுற்றிலும் விரல் விரலாக விரலி.

ஓடிப்போய்க் கு. பாத்தியில் ஒன்று பிடுங்கினேன். அதிலும் அப்படியே.

ஒரே செடி. ஒரே சாதி. கடைக்காரர் கிழங்கை உடைத்துத் தாயை ஒரு மூட்டையிலும் பிள்ளையை ஒரு மூட்டையிலும் போட்டு விற்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. விவரம் தெரிந்த நாள் முதல் பொங்கல் பானைக் கழுத்தில் இந்தக் கொத்தை என் கையால்தான் கட்டுகிறேன். ஒரு வருஷமாவது கீழே தொங்குவது என்ன என்று பார்த்தேனா? அறிக்கை ஏழு. ஏழிலும் "விரலி சாதி". துரை நாலாந் தேதி வருகிறார். வெட்கமாயிருக்கிறது. அதைவிடப் பயம்.

பொங்கல் பொங்கியது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

தை 4
துரை வந்தார். பாத்திக்கு ஒரு தூர் தோண்டச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "எது குண்டு? எது விரலி?" கிட்டங்கி போயிற்று என்றே நினைத்தேன்.

இசக்கி மண்வெட்டியோடு முன்னால் வந்தாள். "தொரை, நடுவுல இருக்கது தாய், சுத்தி இருக்கது புள்ள. தாய நட்டா நெறைய வெளையுமா, புள்ளைய நட்டா நெறைய வெளையுமான்னு பாக்கத்தான் ஐயா ரெண்டு பாத்தி போட்டாவ."

"சாதி என்று எழுதினாயே?" என்றார் துரை என்னிடம்.

"தாய்ச் சாதி, பிள்ளைச் சாதி, துரை."

நம்பிவிட்டார். மடையன். நிறுத்துப் பார்த்தோம். தாய் நட்ட பாத்தியில் ஒன்றரை மடங்கு விளைச்சல். துரை என் தோளைத் தட்டினார். "நீ மஞ்சள் தெரிந்த ஆள். கிட்டங்கிக்கு வேறு ஆள் போவான். நீ இங்கே இரு. அஞ்சு வருஷம்."

தெரியாது என்றால் வேலை போகும். தெரியும் என்றால் மலை. "சரி துரை" என்றேன்.

அவர் போனபின் இசக்கியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. "எதுக்குளா பொய் சொன்ன?" என்றேன்.

"பொறவு? ஒங்கள அனுப்பிட்டா புதுசா ஒருத்தர் வருவாவ. அவியளுக்கும் மொதல்லேருந்து நாங்கதான ஐயா படிச்சுக் குடுக்கணும்?"

சிரிக்காமல்தான் சொன்னாள்.

வாங்க: உப்பு, புகையிலை. நிறைய.