பெட்டிக்குள் என்ன இருந்தது

கொழும்பு
12.03.2014

அன்புள்ள பியசீலி அக்கா,

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் துணை உங்கள் வீட்டுக்கு உண்டாகட்டும். மூன்று வருட ஆய்வு முடிந்துவிட்டது. பூச்சிமருந்தைப் பூட்டி வைத்தால், மனம் உடைந்த நேரத்தில் கை அதை எட்டாது என்பதற்காகத்தான் ஊர் முழுக்கப் பெட்டி கொடுத்தோம். ஆறு தடவை வந்தேன். ஆறு தடவையும் உங்கள் பெட்டி பூட்டியே இருந்தது. அதன் படத்தை அறிக்கையின் அட்டையில் போட விரும்புகிறோம். சம்மதமா? உங்கள் வீட்டுக்காரர் முதியான்சே அண்ணன் சுகமா?

அன்புடன்,
சுதர்மா


கெக்கிராவ
25.03.2014

சுதர்மா மிஸ்ஸுக்கு,

படம் போட வேண்டாம். இதை மகள் நதீஷாவைக் கொண்டு எழுதுவிக்க முடியாது. என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியில் மருந்து இருந்ததே இல்லை. எங்கள் வீட்டில் பூட்டு உள்ள சாமான் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கறையான் தின்னும். என் கலியாணச் சேலை, காணி உறுதிப் பத்திரம், நதீஷாவின் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. உங்கள் மோட்டார் சைக்கிள் குளக்கட்டில் ஏறும் சத்தம் கேட்டதும், கட்டிலுக்கடியில் கிடக்கும் போத்தல்களை மாட்டுக்கொட்டிலுக்குக் கடத்துவேன். “ஓடு ஓடு, மாமியார் வாறா!” என்று இவர் கிண்டல் பண்ணுவார்.

போன மாதம் குளம் வற்றி நெல் கருகியது. இவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள், நான் கிணற்றடியில் இருந்தபோது, கட்டிலுக்கடியில் கிடந்த போத்தலை இவர் கை எட்டிவிட்டது. பக்கத்து வீட்டு ஹேரத் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஓடினான். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார்.

“ஊரெல்லாம் பெட்டி குடுத்தாங்களே, உங்களுக்குக் குடுக்கேல்லையா?” என்று டாக்டர் கேட்டார்.

“குடுக்கேல்லை சேர்” என்றேன்.

உங்களையும் பொய்க்காரி ஆக்கிவிட்டேன், மிஸ்.

பியசீலி


கொழும்பு
04.04.2014

அக்கா,

பொய்க்காரி நான்தான். நான்காம் தடவை வந்தபோது மூடியின் இடுக்கில் சேலையின் சிவப்புக் கரை தெரிந்தது. திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தாமரைக்கிழங்குக் கறியோடு சோறு போட்டுக் காத்திருந்தீர்கள். அந்த வீட்டில் “திறங்கோ” என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அதைவிட, என் பகுதியில் ஒரு வீடும் தவறவில்லை என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை இழக்க மனமில்லை. ‘பூட்டியிருந்தது’ என்று குறித்துவிட்டு இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நேற்று, ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நான் பார்த்த நூற்றுப்பதினாறு வீடுகளும் அறிக்கையிலிருந்து நீங்கின. என் பெயரும்தான். “ஒரு மூடியைத் திறக்கச் சொல்ல அவ்வளவு கஷ்டமா, பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒன்று மட்டும் எழுதுங்கள். போத்தல்கள் இப்போது எங்கே?

சுதர்மா


கெக்கிராவ
19.04.2014

மிஸ்,

பெட்டிக்குள். சாவி ஹேரத் வீட்டில். இவர் கிளினிக்குக்குப் போகிறார், அங்கே ஒரு டாக்டரோடு கொஞ்சம் பேசுகிறாராம். என்னோடு இன்னும் இல்லை. முகத்தைப் பார்க்க இருவருக்கும் வெட்கம்.

சேலையும் தாள்களும் பிஸ்கட் டின்னுக்குப் போய்விட்டன. அதன் மூடி சரியாகப் பொருந்தாது. ஒரே வாரத்தில் எலி புகுந்து சான்றிதழின் மூலையைத் தின்றுவிட்டது. “கணக்கு மார்க்கைத்தான் தின்னிருக்கு. நல்லதாப் போச்சு” என்றாள் நதீஷா. இவர் சிரித்துவிட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “மாமியார் இனி வரமாட்டாவா?” என்று கேட்டார்.

வாருங்கள். சோறு பிறகுதான். முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

பியசீலி