என் பேச்சை நீ பேசிய ஞாயிறு

ஆவடி ரயில் நிலையத்துக்கு எதிரே மசால் வடை மடித்துத் தந்த தாளில் இன்று ஒரு படம் இருந்தது. அமெரிக்கத் தலைவரும் ரஷ்யத் தலைவரும் ஏதோ தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அணு ஏவுகணைகளுக்கு இருவரும் ஒரு வரம்பு கட்டிக்கொண்டார்களாம். எண்ணெய் ஊறிய அந்தத் தாளை உனக்குக் காட்ட மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். சைக்கிளை உன் வீடு இருக்கும் பூந்தமல்லிப் பக்கம் திருப்பிய பிறகுதான் உறைத்தது, உன்னை அடக்கம் செய்து இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மஞ்சள்காமாலை. இருபத்தொன்பது வயது. பாலைவனத்துக்கு அடியில் அணுகுண்டு வெடிக்கத் தெரிந்த நாட்டுக்கு, குடிக்கிற தண்ணீரில் சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. கோபத்தோடு எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல உட்கார்ந்தவன் நான். இரண்டும் சேர்ந்துதான் வருகிறது, பொறுத்துக்கொள்.

அம்பத்தூர்ப் பட்டறையில் நீ தகடு வெட்டும் பவர் பிரஸ், நான் லேத். ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் நாம் பத்துப் பேர் சேர்ந்து கூரை போட்ட படிப்பகம். அங்கே பட்டிமன்றம் நடத்துவோம், யார் எந்தக் கட்சி பேசுவது என்று சீட்டு எடுத்து முடிவு செய்வோம். நீ கொண்டுவந்த சட்டம் ஒன்று இருந்தது. மறுத்துப் பேச எழுகிறவன், எதிராளி சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதான் சொன்னேன்" என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே பதில். நீயோ சுலபத்தில் ஆமா சொல்கிற ஆள் இல்லை. "இன்னும் சரியா வர்ல மாமே, இன்னொரு தபா சொல்லு" என்று ஒவ்வொருவனையும் நாலு முறை சொல்லவைப்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

பாலைவனத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதம், கடைத்தெருவில் லட்டு கொடுத்தார்கள். ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஜெயிலில் கிடந்தார்கள். 'அணுகுண்டு நமக்குக் காவலா?' என்று தலைப்பு வைத்தோம். 'இல்லை' என்ற சீட்டு எனக்கு வந்தது, 'ஆம்' உனக்கு. எனக்குக் கொண்டாட்டம். பேச வேண்டியதை மனசுக்குள் ஊறப்போட்டிருந்தேன்.

சனிக்கிழமை மாலை ஷிப்டு விட்டதும் நீ என் லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாய்.

"சீட்டைக் குடு."

"எதுக்கு?"

"குண்டு வோணும்னு நீ பேசு. வாணாம்னு நான் பேசறேன்."

"பயந்துகினு கட்சி மாறச் சொல்றியா?"

"உனுக்கு பயம் இல்லடா, தெரியும். உங்க நைனா தலைல இன்னும் செங்கல்லு கீது, அத்த நெனச்சுப் பாரு."

பாதுகாப்புத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரணை முடிந்தால்தான் ஆர்டர் கைக்கு வரும். கூட்டங்களுக்கு மஃப்டியில் ஆள் வருவது ஊருக்கே தெரியும். என் அப்பா நிலமில்லாத கூலியாக இருந்து, பிறகு செங்கல் சூளைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை.

"உன்ன மட்டும் சும்மா வுடுவானுங்களா?" என்றேன்.

"என் பேரைக் கேட்டாலே வுட மாட்டான் மச்சான். பேசினாலும் அதான், பேசாங்காட்டியும் அதான். நான் பேசிட்டே போறேன்."

சிரித்தாய். நான் சீட்டைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தேன்.

மறுநாள் நீ எழுந்து இரண்டு விரல் போன உன் வலது கையைத் தூக்கிக் காட்டினாய்.

"நம்ம பிரஸ்ல வெரல் உள்ள போவாம தடுக்கக் கம்பிக்கூடு மாட்டினாங்க. மாட்டின மறுநாளே மேஸ்திரி ஸ்பீடை ஏத்தினான். 'அதான் கூடு கீதே, இன்னா பயம்'ன்னான். அந்த ஸ்பீடுக்கு கூடு தோதுப்படல, கம்பியால தூக்கிக் கட்டிட்டு ஓட்டினோம். வெரலு பூட்ச்சு. அமெரிக்காவும் ரஷ்யாவும் ரெண்டு வருஷம் முன்ன ஒப்பந்தம் போட்டானுங்க, வர்ற ஏவுகணைய மறிக்கிற ஏவுகணைய நெறைய வெச்சிக்க மாட்டோம்னு. ஏன்? கேடயம் கீதுன்னு தெகிரியம் வந்தா கத்திய மொதல்ல எடுப்பான். அவனுங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. நமக்குக் குண்டு காவல்னா, பக்கத்து ஊட்டுக்காரனும் காவல் வைப்பான். அப்பால ரெண்டு பேரும் ஸ்பீடை ஏத்துவான்."

பின்வரிசையில் ஒருவர் கத்தினார்: "இத்த பாகிஸ்தான்ல போய்ப் பேசு!"

எனக்குக் காது சுட்டது. நீ அவரைப் பார்த்து, "அண்ணாத்தே, நான் இன்னா சொன்னேன், ஒரு தபா திருப்பிச் சொல்லு. நான் ஆமான்றேன். அப்பால எங்க போவச் சொன்னாலும் போறேன்" என்றாய். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து என் முறை. உன் வாதத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சட்டமே எனக்கு வழிவிட்டதுபோல் இருந்தது. உன் பேச்சைச் சொல்கிற சாக்கில் என் பேச்சு முழுவதையும் கொட்டிவிடலாம். "இவன் இன்னா சொல்றான்னா, வயித்துக்கு இல்லாதவன் கையில..." என்று ஆரம்பித்தேன். கதவோரம் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் முதலில் அவரைக் கவனிக்கவில்லை. நீ கவனித்தாய்.

"ஆமா, ஆமா, அதான் சொன்னேன்! பதிலைச் சொல்லு!"

முதல் வாக்கியம்கூட முடியவில்லை. நாலு முறை சொல்லவைக்கிற நீ, நான் சொல்லாததற்கே ஆமா போட்டாய். கதவோரம் நிற்பது யார் என்று புரிந்துகொண்டு, குண்டு வேண்டும் என்ற கட்சியைப் பேசினேன். நம்மிடம் ஸ்டிரைக், முதலாளியிடம் கதவடைப்பு. இரண்டு பேரும் எடுக்காதவரைதான் அமைதி, குண்டும் அப்படித்தான் என்றேன். கைதட்டினார்கள்.

திரும்பும்போது நீ சொன்னாய்: "நல்லாத்தான் பேசினே. ஆனா கதவடைச்சா ஒரு நாள் தொறப்பான். குண்டு போட்டா தொறக்க எவன் கீறான்?"

வேலை வந்தது. அப்பா சூளைக்குப் போவதை நிறுத்தினார். முதல் மாதமே வீட்டுக்கு ஓடு மாற்றினோம். உன் வீட்டுக்கு மூன்று முறை ஆள் வந்து, பாகிஸ்தானில் உங்களுக்கு யார் யார் என்று விசாரித்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லை. உன்னை அடக்கம் செய்த அன்று உன் அக்கா சொன்னார். அவர்கள் வந்துபோன பிறகு உன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்த வாரமும் நீ பட்டறை வாசலில் என்னிடம் பீடி கேட்டு, வம்பிழுத்துக்கொண்டுதான் நின்றாய்.

போன வியாழக்கிழமை எங்கள் கேன்டீனில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்ல பையன்தான். ஆனா குண்டு வாணாம்னு பேசினான் பாரு, அவங்க புத்தி எங்க போவும்" என்றார் ஒருவர்.

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். "அன்னிக்கு அந்தச் சீட்டு எனக்கு வந்துது. அது நான் பேச வேண்டிய பேச்சு. இந்த வேலை எனக்குப் போவக்கூடாதுன்னு அவன் வாங்கிப் பேசினான். இப்பவும் நான் அதேதான் சொல்றேன், குண்டு காவல் இல்ல."

சூப்பர்வைசரும் அங்கேதான் இருந்தார்.

"இன்னாபா, அஞ்சு வருஷம் கழிச்சா சொல்றே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஆமா, லேட்டுதான்" என்றேன்.

இனி என்ன வருமோ தெரியாது. ஆனால் உன் பெயரை முழுசாகச் சொல்லித்தான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.