அப்பாவுக்கு எல்லாம் நார்மலாம்

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன், இங்கே சுகமா என்று நீ கேட்பாய், அதைத்தான் எழுதப் போகிறேன், நிதானமாகப் படி. போன செவ்வாய்க்கிழமை நம் முன்னறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, அவர் காலடியில் நான், கதவில் சாய்ந்துகொண்டு உன் அண்ணன், தேநீரோடு உன் அண்ணி (விருந்தாளி வந்தால் விளிம்பு உடைந்த கோப்பையைத்தான் தேடிப் பிடிப்பாள், வந்த நாளிலிருந்து அதே பழக்கம்), நர்சிங் கல்லூரி டீச்சரம்மா, அவர் கூட்டிவந்த பிள்ளைகள் மூன்று பேர், ஒரு நெட்டையன், ஒரு வாயாடி, பேசவே பேசாத ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. யாரையும் விடவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை என்று பின்னால் ஒருத்தரும் சொல்ல முடியாது.

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் அவர்களுக்குப் படிப்பாம். பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், நாடி பிடித்தார்கள், எல்லாம் நார்மல் என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் டீச்சரம்மா, "இந்த வீட்டைப் பார்த்துச் சொல்லுங்க, ஆரோக்கியம்னா என்ன?" என்று கேட்டார். வாயாடி, உடம்பு மனசு சமூகம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "அது புத்தகத்துல இருக்கு, உனக்கு என்ன தோணுது?" என்றதும் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். நெட்டையன், "யார் கையையும் எதிர்பார்க்காம பாத்ரூம் போறது மேடம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, கழுவி விடுகிறவளுக்குத்தான் தெரியும். கண்ணாடிக்காரி மட்டும், "எனக்குச் சொல்லத் தெரியல மேடம், ஆனா தாத்தா ஆரோக்கியமா இல்ல" என்றாள். உன் அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எல்லாம் நார்மல்னு இப்பத்தானம்மா எழுதின, அதுக்குள்ள என்ன வந்துச்சு?" என்று எகிறினான். அவள் அப்பாவின் இடது கையைக் காட்டினாள். போர்வையை அவர் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி அமுக்கி நகர்த்துவார் அல்லவா, நரம்புக் கோளாறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் குனிந்து, "தாத்தா, என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள். பக்கவாதத்தில் வாய் கோணிப் படுத்ததிலிருந்து தண்ணி என்பதைத் தவிர ஒன்றும் பேசாத மனிதர், "பஞ்சர்" என்றார். அதோடு நிற்கவில்லை, உன் அண்ணனைப் பார்த்து, "கடையில பெயின்ட் காஞ்சிருச்சா? எப்ப திறக்கலாம்?" என்றார், குழறலாக, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

உன் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நெட்டையன், "மூலையில இருந்த சைக்கிள் கடையா தாத்தா? அங்க இப்ப மொபைல் கடைதானே இருக்கு, நேத்துகூட சார்ஜர் வாங்கினேனே" என்றான். பாவம், வெள்ளந்தியாகச் சொன்னான். பெயின்ட் அடிக்கிறார்கள், அதனால்தான் கடை மூடியிருக்கிறது என்று என்னிடமும்தானே சொல்லி வைத்திருந்தீர்கள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பையன் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றான்.

இரண்டு நாள் அப்பா தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடிக்காரி தனியாக வந்தாள், எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிள் டியூபும் பம்பும் கொண்டுவந்து, காற்றடித்து, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். உன் அப்பா ஒரு கையை ஊன்றித் தானாக எழுந்து உட்கார்ந்தார், சின்னவனே. இடது கையாலேயே டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்று கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

இனி அவர் ரிப்பேர் பார்க்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். காலையில் கொண்டுபோய் உட்கார வைக்க அந்தக் கடையின் முன்பக்கம் ஒரு ஸ்டூல் போடும் இடம் போதும். கடை உன் பேரில் இருக்கிறது, தம்பி சொன்னால்தான் மொபைல்காரன் கேட்பான் என்கிறான் உன் அண்ணன். இதைப் படித்த கையோடு போன் செய். பேத்திக்கு என் முத்தம், மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அதை மனதாரச் சொல்கிறேன்.

உன் அண்ணனை அன்றைக்கே வைது தீர்த்துவிட்டேன், அதோடு சரி, அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிற கை அவனுடையது. நெட்டையன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. "அவர் இனி எழுந்து என்ன அண்ணி பண்ணப் போறார், கடையைக் குடுத்துரலாம்" என்று அண்ணியிடம் போனில் சொன்னது யார் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆசீர்வாதம் வேறு, மன்னிப்பு வேறு. நான் மன்னிக்காதது ஒரே ஒரு ஆளை, அது நீதான் சின்னவனே.

இப்படிக்கு,
உன் அம்மா